செயலி நாற்காலியைப் பற்றியும் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சக்கர நாற்காலியில் விமானப் பயணம் செய்வோருக்கான கைபேசிச் செயலி பற்றிய கட்டுரையைப் படித்தேன். சாய்தளம், லிஃப்ட், கழிப்பறை எங்கே என்று காட்டும் வரைபடத்தைத்தான் அது பெரிதாகப் பேசியது. வரைபடம் இருக்கட்டும். ஆனால் வழியை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். மின் சக்கர நாற்காலியில் போகும் என்னைப் போன்றவர்களுக்கு, விமான வாசலில் அதை ஒப்படைத்த பிறகுதான் வயிற்றில் புளி கரைக்கிறது.

முன்பதிவில் 'சக்கர நாற்காலி உதவி' என்று கேட்டால் நம் பெயருக்கு எதிரே ஒரு குறியீடு ஏறுகிறது. டபிள்யூசிஎச்ஆர் என்றால் படியேறுவார், நீண்ட தூரம் நடக்கமாட்டார். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியேற முடியாது, விமானத்துக்குள் நடப்பார். டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கைவரை கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். எது பதிவாகியிருக்கிறது என்பது பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. தவறாகப் பதிந்திருந்தால், ஆளைத் தூக்கி வைக்க வேண்டியவர்கள் வராமலே போகலாம். செயலி முதலில் இதைக் காட்டட்டும், திருத்தவும் விடட்டும்.

பிறகு நாற்காலியின் உயரம், எடை, பேட்டரி வகையையும் அது கேட்கட்டும். கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோகும் லித்தியம் பேட்டரி ஒன்று என்றால் 300 வாட்-ஹவர் (அது சேமிக்கும் மின்னாற்றலின் அளவு), இரண்டு என்றால் தலா 160 என்பது வரம்பு. பேட்டரி லேபிளின் படத்தை ஒருமுறை ஏற்றினால், ஒவ்வொரு கவுன்டரிலும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உயரம் அதைவிட முக்கியம். நாற்காலியை ஏற்றும் சரக்குக் கதவு ஏர்பஸ் ஏ320 விமானத்தில் ஒரு மீட்டருக்கு மேல் உயரம். போயிங் 737-இல் ஒரு மீட்டர்கூட இல்லை. சாய்மானம் மடங்காத நாற்காலியைப் படுக்கவைத்துத்தான் நுழைக்க வேண்டும். கடைசி நேரத்தில் விமானம் மாறினால், விமான வாசலில் கைபிசைந்து நிற்பதற்கு முன்பே செயலி எச்சரிக்க வேண்டாமா?

இன்னொன்று, இந்தச் செயலியைப் பயன்படுத்த வேண்டியவர் பயணி மட்டுமல்ல. கையுறை போட்டுக்கொண்டு அவசரமாக ஏற்றி இறக்கும் ஊழியரும்தான். நாற்காலியில் ஒட்டிய க்யூஆர் குறியை அவர் ஸ்கேன் செய்தால், லாகின் எதுவும் கேட்காமல் நாலு படங்கள் திறக்க வேண்டும்: கையால் தள்ளுவதற்காக மோட்டாரைச் சக்கரத்திலிருந்து எப்படி விடுவிப்பது, எங்கே பிடித்துத் தூக்குவது, எதைத் தொடவே கூடாது, எப்படிக் கட்டுவது. எழுத்தே வேண்டாம், எந்த மொழிக்காரருக்கும் புரியும். ஏற்றி முடித்ததும் அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். விமானக் கதவு மூடுவதற்குள் நமக்குச் செய்தி வந்துவிடும்.

சட்டப் பக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லை. விமான நிறுவனங்களின் இழப்பீட்டுப் பொறுப்பை வகுக்கும் 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தம் பொருந்தும் சர்வதேசப் பயணங்களில், ஒப்படைத்த நாற்காலியும் சட்டத்தின் கண்ணில் மற்றொரு பயணப் பெட்டிதான்! இழப்பீட்டுக்கு உச்சவரம்பு உண்டு. ஒப்படைக்கும்போதே மதிப்பை அறிவித்து, கேட்டால் கூடுதல் கட்டணமும் கட்டினால் வரம்பு உயரும். சேதமானால் 7 நாட்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். மதிப்பை அறிவிக்கும் படிவமும், ஒப்படைக்கும் முன்பும் திரும்பப் பெற்ற பின்பும் நேரத்தோடு பதியும் புகைப்படங்களும், புகார் அனுப்பும் வசதியும் செயலியில் சேர்ந்தால் வரைபடம் பிறகு வந்தாலும் எனக்குச் சம்மதம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி