கட்டுநாயக்காவுக்கு வான் சொல்வதா?

வெள்ளவத்தை, கொழும்பு
15.03.2020, ஞாயிறு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. நீ கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி: இம்மாதம் 28ஆம் திகதி கனடாவிலிருந்து வந்து இறங்கலாமா, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழமைபோல வான் வண்டி சொல்லி வைப்பாயா என்பது. வேறு எந்த வருடமாக இருந்தாலும் உன் கடிதத்தை வாசித்து முடிப்பதற்கு முன்னரே வான்காரருக்குத் தொலைபேசி எடுத்திருப்பேன். இந்த முறை மூன்று தரம் பதில் எழுதத் தொடங்கி, மூன்று தரமும் அழித்துவிட்டேன். வா என்று எழுதினால் பொறுப்பில்லாதவள் ஆவேன். வராதே என்று எழுதினால், நான்கு வருடமாக யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உன்னை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மாவுக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வேன்?

இங்கே நிலைமை எப்படி என்று கேட்டிருந்தாய். சுற்றுலா வந்த ஒரு சீனப் பெண்ணுக்குக் கொரோனாத் தொற்று இருப்பதாக ஜனவரி 27 அன்று சொன்னார்கள். அங்கொடை வைத்தியசாலையில் வைத்துச் சுகப்படுத்தி, பெப்ரவரி 19 அன்று அனுப்பியபோது, சுகாதார அமைச்சரே அவரை அணைத்து வழியனுப்பிய படத்தைப் பார்த்தேன். வூஹானில் படித்துக்கொண்டிருந்த நம் நாட்டுப் பிள்ளைகள் 33 பேரை விமானம் அனுப்பி மத்தளை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து, தியத்தலாவை இராணுவ முகாமில் இரண்டு கிழமை தங்கவைத்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். அத்தோடு, வந்த வியாதி போய்விட்டது என்றுதான் கொழும்பில் எல்லோரும் இருந்தோம். சிவராத்திரி இரவு கோயிலில் முன்னால் நிற்பவரின் முதுகில் மூச்சு முட்ட நின்றபோது இந்த நினைப்பே எனக்கு வரவில்லை. அந்தச் சிவராத்திரி பெப்ரவரி 21ஆம் திகதி. அதற்கு முதல்நாள் வரை இத்தாலியில் மூன்றே பேருக்குத்தான் இந்த நோய் என்று அறியப்பட்டிருந்தது. இன்றைக்கு அங்கே இருபதினாயிரத்தைத் தாண்டிவிட்டது. முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவளுக்கு இந்த ஏற்றத்தின் பொருள் விளங்காமல் இருக்குமா? விளங்கியதால்தான் நித்திரை வருவதில்லை.

சென்ற கிழமை, இத்தாலியப் பயணிகளுக்கு வழிகாட்டியாகப் போன 52 வயதுக்காரர் ஒருவருக்குத் தொற்று உறுதியானது. வெளியே போகாத ஒருவருக்கு இங்கேயே வந்துவிட்டது என்றதும் ஊர் கலங்கிப் போனது. 12ஆம் திகதி பாடசாலைகளை மூடுவதாக அறிவித்தார்கள். என் வீட்டுக்கு வரும் ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகள் பதினான்கு பேரையும் நானே நிறுத்திவிட்டேன். ஒரு மாதத்து வருமானம் போய்விட்டது. ஓய்வூதியம் இருப்பதால் பட்டினி இல்லை.

வெள்ளிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். கொத்தமல்லி வாங்கத்தான். கொத்தமல்லி அவித்துக் குடித்தால் எந்த வைரஸும் அண்டாது என்று கொழும்பில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடில்லாமல் நம்புகிறோம். சளித் தடிமனுக்கு ஆறுதல் தரும், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் இரண்டு கிலோ வாங்கினேன். பஸ்ஸில் நடத்துநர் மிச்சக்காசு தருவதற்காக ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு, ஈரத்தோடு இருபது ரூபாத் தாளொன்றைப் பிரித்து நீட்டினார். வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் காசு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தத் தாளை இரண்டு விரல் நுனியால் பிடித்துக்கொண்டு, பையில் போடவும் முடியாமல் எறியவும் முடியாமல் பம்பலப்பிட்டி கடக்கும் வரை வைத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து ஒரு பொலித்தீன் பையை எடுத்துத் தந்தாள். அதற்குள் இரண்டு மூன்று தாள்கள் ஏற்கெனவே இருந்தன.

இனி, நான் உண்மையில் எழுத வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தொடர்மாடியில் நாலாம் மாடி வீட்டை வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவது உனக்குத் தெரியும். நீயும் போன முறை அங்கேதான் தங்கினாய். இந்த மாதம் 4ஆம் திகதி சுவிஸிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. கணவன், மனைவி, எட்டு வயதில் ஒரு மகள், கைக்குழந்தை ஒன்று. வந்த அன்றே அந்தச் சிறுமி படியிறங்கி வந்து எனக்கும் என் அம்மாவுக்கும் ஒரு பெட்டி சொக்லேட் தந்தாள். "அம்மம்மா, இது எங்கட ஊர் சொக்லேட்" என்று அவள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊர் என்று நாம் எதைச் சொல்கிறோம், அவள் எதைச் சொல்கிறாள்!

ஒரு கிழமை போனது. வழிகாட்டியின் செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள் லிஃப்ட்டில் நானும் மூன்றாம் மாடி ஐயாவும் ஏறும்போது, தாயும் அந்தச் சிறுமியும் ஓடி வந்தார்கள். ஐயா வெளியே இறங்கி, "நான் படியால் வாறன், நடக்கிறது நல்லதுதானே" என்றார். முழங்கால் வலிக்கு மாதாமாதம் ஊசி போடுகிறவர் அவர். தாய்க்கு விளங்கிவிட்டது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நாங்கள் பிறகு வாறம் அன்ரி" என்று சொல்லிப் பின்னால் நகர்ந்தாள். நான் "இல்லைப் பிள்ளை, வாங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கதவு மூடியது.

ஐயாவைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தச் சொக்லேட் பெட்டி அதுவரை பிரிக்கப்படாமல் குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருந்தது. அன்று மாலை அதை டெட்டோல் போட்ட துணியால் துடைத்தேன். துடைத்தும் மனம் ஆறாமல், வெயில் பட்டால் கிருமி செத்துவிடும் என்று யாரோ வட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பி, மறுநாள் காலை பல்கனியில் வைத்தேன். மார்ச் மாதத்துக் கொழும்பு வெயில் எப்படிப்பட்டது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானம் பார்த்தபோது பெட்டிக்குள் எல்லாம் ஒன்றாய் உருகிக் குழம்பாகக் கிடந்தது. மூன்றாம் மாடி ஐயா படியால் நடந்தாவது போனார். நான் ஒரு குழந்தை தந்த இனிப்பைக் காய்ச்சல்காரனின் உடுப்பைப்போல வெயிலில் காயப்போட்டேன்.

என்னை உறுத்துவது இதுதான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் என்றால் நமக்கு யார்? வான் பிடித்துக்கொண்டு, இரவு இரண்டு மணிக்குக் குடும்பத்தோடு போய், கண்ணாடிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்து அழைத்து வருகிறவர்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் இந்தத் தெருவில் பாதிக் கட்டடம் எழும்பியது. ஒரே கிழமையில் அந்தச் சொல்லே ஆகாத சொல்லாகிவிட்டது. போன வருடம் ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பஸ்ஸில் எவருடைய பையை எவர் உற்றுப் பார்த்தார் என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். இன்றைக்கு அந்தப் பார்வை நம் சொந்தப் பிள்ளைகள் மேல் விழுகிறது. இத்தாலியிலிருந்தும் கொரியாவிலிருந்தும் உழைத்துவிட்டு வருகிறவர்களைக் கட்டுநாயக்காவிலிருந்து நேரே பஸ்ஸில் ஏற்றிக் கந்தக்காட்டிலும் மட்டக்களப்புப் பக்கம் புணானையிலும் உள்ள தனிமைப்படுத்தல் நிலையங்களுக்குக் கொண்டுபோகிறார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். பதினான்கு நாள் பார்த்து அனுப்புவதுதான் நியாயம். ஆனால் எங்கள் ஊரில் வைக்காதே என்று எதிர்ப்பும் எழுந்திருக்கிறது.

மறுபக்கமும் இருக்கிறது. எங்களுக்குக் காலையில் இடியப்பம் கொண்டுவரும் அம்மாவின் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். பெப்ரவரியில் லீவில் வந்தவன், இம்மாதம் 12ஆம் திகதி திரும்ப வேண்டும். 9ஆம் திகதி கட்டார் அரசு இலங்கை உட்படப் பதினான்கு நாட்டுக்காரர் வரக்கூடாது என்று கதவை மூடிவிட்டது. அப்போது இங்கே உள்ளூரில் ஒருவருக்கும் நோயில்லை. "அங்க இருக்கிறவங்களுக்கு நாங்க நோய்க்காரர், இங்க இருக்கிறவங்களுக்கு அவன் நோய்க்காரன், அப்ப யாருக்குத்தான் டீச்சர் நோய்?" என்று அவர் என்னைக் கேட்டார். வேலை போய்விடுமா, முகவருக்குக் கட்ட வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்ற கவலையில், இடியப்பத்தை எண்ணும்போது இரண்டு கூட வைத்துவிட்டுப் போனார்.

உன் பயணத்தைக் கணக்காகவே பார்க்கிறேன். உனக்குக் கிடைத்திருப்பது 21 நாள் லீவு. கனடாக்காரரையும் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு அனுப்பத் தொடங்கினால் அதில் 14 நாள் அங்கே போகும். மிச்சம் ஏழு. அதில் வெள்ளவத்தையிலிருந்து இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் வர இரண்டு நாள். திரும்பிப் போன பிறகு, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் 14 நாள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று உங்கள் அரசும் சொல்லிவிட்டது. ஐந்து நாள் அம்மாவைப் பார்க்க 28 நாள் அறைக்குள். அதையும் தாங்கலாம் என்று நீ சொல்வாய். உன்னை எனக்குத் தெரியும். ஆனால் டுபாயில் ஆறு மணித்தியாலம் காத்திருந்து, ஒரு காய்ச்சலும் இருமலும் இல்லாமல் அந்தக் கிருமியைக் கொண்டுபோய் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்தால்? சீனாவில் நோய் கண்டவர்களில் 80 வயதைக் கடந்தோரில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை இறந்திருக்கிறார்கள். உன் அம்மாவுக்கு 86, என் அம்மாவுக்கு 87.

ஆகையால் வராதே என்றுதான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முன் இன்னும் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறேன்.

18.03.2020, புதன்

ஒரு நாள் மூன்று நாளாகிவிட்டது. நான் இவ்வளவு யோசித்து எழுதியது வீணாகவும் போய்விட்டது. நாளை முதல் வெளிநாட்டிலிருந்து பயணிகளை ஏற்றி வரும் விமானம் எதுவும் கட்டுநாயக்காவில் இறங்காது. இரண்டு கிழமைக்கு என்கிறார்கள். புறப்படும் விமானங்கள் மட்டும் போகலாமாம். நீயும் நானும் எடுக்க முடியாமல் இருந்த முடிவை அரசாங்கம் எடுத்துவிட்டது. செய்தி கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. உன்னிடம் மறைக்க மாட்டேன். அழுகை பிறகுதான் வந்தது.

கடைகளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பருப்புக் கிலோ 65 ரூபா, ரின்மீன் (தகரத்தில் அடைத்த மீன்) 100 ரூபா என்று நேற்று அறிவித்தார்கள். இன்று காலை நான் போன கடையில் பருப்புச் சாக்கு இருந்த இடத்தில் சாக்கு மட்டும் இருந்தது. எனக்குக் கவலையில்லை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு, அரிசி எத்தனை நாளைக்குக் காணும் என்று பானையைப் பார்த்தே தெரியும். என் அம்மா சவர்க்காரத்தைக்கூட எண்ணி வைக்கத் தொடங்கிவிட்டா.

சுவிஸ் குடும்பம் ஞாயிற்றுக்கிழமையே பொலிஸில் போய்ப் பதிந்துவிட்டது. இம்மாதம் முதலாம் திகதிக்குப் பிறகு ஐரோப்பாவிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் பதிய வேண்டும் என்று உத்தரவு. இன்றோடு அவர்களுக்குச் சரியாகப் பதினான்கு நாள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை. இருக்கிற விமானத்தைப் பிடித்துப் போய்விடுவோம் என்று இன்றிரவே புறப்படுகிறார்கள். இரண்டு வான்காரர்கள் "சுவிஸ் ஆக்கள்" என்றதும் வரமாட்டோம் என்றுவிட்டார்கள். கடைசியில் நான் உனக்குச் சொல்லி வைக்கும் நம் வான்காரருக்கே எடுத்தேன். சற்றுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "யன்னல் எல்லாம் திறந்து வைச்சுத்தான் ஓடுவன், குழந்தைக்குக் காத்துப் படும், பரவாயில்லையோ?" என்று கேட்டார். பரவாயில்லை என்றார்கள்.

பெட்டிகளை இறக்கும்போது நான் கீழே நின்றேன். சிறுமி ஆறடி தள்ளி நின்றபடியே, "அம்மம்மா, சொக்லேட் சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சாப்பிட்டோம், நல்ல ருசி என்றேன். மேலே வந்து, உருகிய பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். இதை எழுதும்போது அது இறுகிவிட்டது. கத்தியால் வெட்டி அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்து, நானும் ஒரு துண்டு தின்றேன்.

உன் பயணச்சீட்டை நீயாக இப்போது இரத்துச் செய்யாதே. விமானத்தை அவர்களாக நிறுத்தினால் முழுப்பணமும் கேட்க உனக்கு உரிமை இருக்கும். கொக்குவிலுக்கு இரண்டு மாதத்துக்குக் காணும்படி பிரஷர் மருந்து வாங்கி, நேற்று இரவு பஸ்ஸில் தெரிந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டேன். இன்று காலை போய்ச் சேர்ந்துவிட்டது. நீ வரமாட்டாய் என்பதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அதை நீயே சொல்லு. காலை ஏழு மணிக்கு, பூசை முடித்து முற்றத்துக்கு வந்து இருக்கும் நேரம் பார்த்து எடு. அந்த நேரம்தான் அவவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

அன்புடன்,
உன் முன்வாங்குத் தோழி