செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: ஆர்கேடு பெட்டிப் பிரிவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சந்தா, கும்பகோணத்து அறை வாடகை, ஆயுத பூஜைச் செலவு எல்லாம் அதில் வந்துவிடும். இந்த அறிக்கை, காசு போட்டு ஆடும் பெட்டிகளில் இருந்த பழைய ஆர்கேடு விளையாட்டுகளை, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையில் ஓட்டும் பிரிவைப் பற்றியது மட்டும்.

ஆண்டு முழுக்கக் கேட்கப்பட்ட கேள்வி, “பை 5 வாங்கிவிடலாமா?” என்பதுதான். செயற்குழுவின் பதில், வேண்டாம். 1980-இல் வந்த பேக்-மேன் ஓடியது 3.072 மெகாஹெர்ட்ஸ் வேக இசட்80 சிப்பில். அங்கிருந்து நியோ ஜியோ என்ற ஆர்கேடு அமைப்பு வரையிலான இருபரிமாண விளையாட்டுகளுக்கு பை 3பி பிளஸே தாராளம். புதிதாக வாங்குபவர்களுக்கு 2 ஜிபி பை 4 போதும். மேலும், பையில் இவற்றை ஓட்டும் மென்பொருளான ரெட்ரோபையின் 4.8 இமேஜ் (கார்டில் எழுதும் தொகுப்பு) வந்தது 2022-இல். 2023-இல் வந்த பை 5 அதில் எழும்பவே எழும்பாது. மிச்சப்படும் பணத்தை அடாப்டரிலும் மெமரி கார்டிலும் போடுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மேட்டூர் இந்த முறை ஜூன் 12-இல் திறக்காமல் ஜூலை இறுதிக்குத் தள்ளிப்போனது. குறுவைக்குப் போர் மோட்டார்களை நம்பியிருந்த ஊர்களில், திரையில் மஞ்சள் மின்னல் குறி வந்தாலே “லைன்ல லோ வோல்டேஜ்” என்று ஸ்டெபிலைசர் தேடினார்கள். அது தேவையில்லை. நல்ல அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் 5.1 வோல்ட் தரும். மின்னல் குறி வருவது பலகைக்குள் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போது. பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். 2 ஆம்பியர் ஓடும்போது கேபிளின் மின்தடை கால் ஓம் இருந்தால் அரை வோல்ட் வழியிலேயே போய்விடும், மிஞ்சுவது 4.6. செல்போன் சார்ஜரோடு வரும் மெல்லிய ஒயரை எடுத்துவிட்டு, கேபிள் சேர்ந்தே வரும் 3 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) த்ராட்டில் நிலையை, அதாவது பலகை மின்னழுத்தக் குறைவையோ சூட்டையோ கண்டதா என்பதை, கேட்டுப் பாருங்கள். எல்லாம் பூஜ்யம் என்றால் நலம். 50005 என்றால் இந்த நிமிடமே மின்னழுத்தம் போதவில்லை. 50000 என்றால் பெட்டியைப் போட்ட பிறகு எப்போதோ குறைந்து, இப்போது சரியாக இருக்கிறது.

மின்வெட்டு வேறு கதை. அது பலகையை ஒன்றும் செய்யாது. கார்டில் எழுதிக்கொண்டிருந்த கோப்பைக் கெடுக்கும். இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று நம்பியிருந்த வீடுகளிலும் பெட்டி அணைந்து மறுபடி எழும்பியது. காரணம், இன்வெர்ட்டரின் சுவிட்ச் யுபிஎஸ் பக்கம் இல்லாமல் நார்மலில் இருந்ததுதான். நிலையான தீர்வு, பையின் அமைப்பு மெனுவான ராஸ்பி-கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையைப் போடுவது, அதாவது மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைப்பது. அதன்பின் கார்டில் எதுவும் எழுதப்படாது, சுவிட்சை அப்படியே அணைக்கலாம். ஆனால் ஸ்கோரும் தங்காது. விளையாட்டை இயக்கும் ரெட்ரோஆர்க் நிரலின் சேமிப்பு ஃபோல்டரைப் பென்டிரைவுக்கு மாற்றிவிட்டால் தங்கும். புது விளையாட்டு ஏற்றும் முன் ஓவர்லேயை நீக்க மறந்தால், ஏற்றியதெல்லாம் அடுத்த முறை போடும்போது மாயமாகும். “கார்டு போச்சு” என்று வரும் புகார்களில் இதுவும் உண்டு.

அடுத்த தொல்லை ரோம் பதிப்பு. ரோம் என்பது பழைய விளையாட்டின் சிப்பிலிருந்து எடுத்த கோப்பு; எமுலேட்டர் என்பது அந்தப் பழைய இயந்திரம் போல நடந்து அதை ஓட்டும் நிரல். விளையாட்டைத் தட்டியதும் திரை கறுத்து உடனே மெனுவுக்குத் திரும்பினால் ரோமும் எமுலேட்டரும் பொருந்தவில்லை என்று பொருள். நாம் போடும் எமுலேட்டர்கள் மேம்2003, எஃப்பிநியோ. மேம்2003 கேட்பது மேம் 0.78 பதிப்புக்கான ரோம் தொகுப்பு; எஃப்பிநியோ கேட்பது தன் இன்றைய பட்டியலுக்குப் பொருந்தும் தொகுப்பு. ஒன்றிற்கானதை மற்றொன்றில் போட்டால் சில ஓடும், பல ஓடாது. அந்தச் ‘சில’தான் ஆளைக் குழப்பும். ஜிப்பைப் பிரிக்கவோ பெயர் மாற்றவோ கூடாது. நியோ ஜியோ விளையாட்டுகளுக்கு அதன் பயாஸ் (இயந்திரத்தைத் துவக்கும் அடிப்படை நிரல்) ஜிப்பும் அதே ஃபோல்டரில் இருக்க வேண்டும். எந்தக் கோப்பு இல்லை என்பதை, ரெட்ரோபை எழுதி வைக்கும் ரன்கமாண்டு லாக் என்ற பதிவுக் கோப்பு பெயரோடு சொல்லும். அதைப் படிக்காமல் அறைக்கு வராதீர்கள்.

தச்சு வேலையில் எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையை இனி யாரும் எடுக்க வேண்டாம். ஐப்பசி அடைமழையில் விளிம்பு ஊதி, பட்டன் ஓட்டை கோணுகிறது. 12 மி.மீ. மரைன் பிளைவுட் நிற்கும். அந்தத் தடிமனுக்கு நட்டு போட்டு இறுக்கும் 30 மி.மீ. பட்டன் கேளுங்கள். அழுத்திச் செருகும் வகை மெல்லிய தகட்டுக்கானது, பிளைவுட்டில் பிடிக்காது. பேக்-மேன் ஆடுபவர்கள் ஜாய்ஸ்டிக்கின் அடித்தகட்டை நாலு திசைக்குத் திருப்பிவிடுங்கள். எட்டுத் திசையில் வைத்தால் குச்சி சாய்ந்த திசைக்குப் போய், பேக்-மேன் முனையில் திரும்பாது, பழி எமுலேட்டர் மேல் விழும். பட்டன்களையும் ஜாய்ஸ்டிக்கையும் பையோடு இணைக்கும் யுஎஸ்பி என்கோடர் ஒரே வகையில் இரண்டு போட்டால் இரண்டும் ஒரே பெயர் சொல்லும். எது எந்தப் போர்ட் என்று வண்ண டேப் ஒட்டி வையுங்கள். மாற்றிச் செருகினால் முதல் ஆட்டக்காரர் இரண்டாமவர் ஆகிவிடுவார்.

அறுவடைக் காலத்து நெல் தூசி விசிறி வலையை அடைத்து, பை பலகை 80 டிகிரியைத் தொட்டதும் வேகத்தைக் குறைக்கிறது. பெயின்ட் பிரஷ்ஷால் வலையைத் தட்டினால் போதும்.

திருவிழாக் கடைகளுக்குக் காசு போட்டு ஆடும் பெட்டி செய்து தரலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. மேம்2003, எஃப்பிநியோ இரண்டின் உரிமமும் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருவதில்லை. விளையாட்டுகளின் பதிப்புரிமை அதற்கு மேல். அறையில் இருக்கும் காட்சிப் பெட்டியில், மேம் திட்டமே இலவசமாகத் தரும் கிரிட்லீ, ராபி ரோட்டோ போன்றவை மட்டும் உள்ளன. அவையும் வணிகமற்ற பயனுக்கே.

பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டுவது இரண்டு பொதுக் கருவிகளுக்கு: ஒரு யுஎஸ்பி வோல்ட் மீட்டர், பட்டன் ஓட்டை போட ஒரு 30 மி.மீ. ஹோல் சா (வட்ட ஓட்டை அறுக்கும் ரம்பம்). இரண்டையும் கையெழுத்திட்டு எடுத்துப் போய் ஒரு வாரத்தில் திருப்பித் தர வேண்டும். விலைப்புள்ளிகள் பொருளாளரிடம் உள்ளன. கேள்விகளைக் கேட்டபின் வாக்கெடுப்புக்குப் போகலாம்.