மூலை வெட்டிய கதை

வியாசர்பாடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ போனில் சொன்ன கணக்குப்படியே குட்டிக்குத் துணிப்பந்து தைத்துவிட்டேன். மூன்று பக்கமும் 12 செ.மீ. இருக்கிற முக்கோண அட்டையில், ஒவ்வொரு முனையிலிருந்தும் இரு பக்கமும் 4 செ.மீ. குறித்து மூன்று மூலையையும் நறுக்கினால் அறுகோணம். ஆறு பக்கமும் அச்சாக 4. அப்படி 20 துண்டு. இருபதையும் உருண்டையாகச் சேர்த்தால், ஐந்து முக்கோணத்தின் நறுக்கிய மூலைகள் கூடுகிற இடத்தில் விழும் ஓட்டைக்கு அதே 4 செ.மீ. ஐங்கோணம், அது 12. தையலுக்கு அரை செ.மீ. தனியாக விட்டேன். மொத்தம் 90 மூட்டு, ஒன்றில்கூடச் சுருக்கம் இல்லை. 1970 உலகக் கோப்பைப் பந்தும் இதே 32 துண்டுதானாம், அப்பா சொல்கிறார். தெருப் பையன்கள் ஒரு உதை உதைத்துப் பார்க்கக் கேட்டார்கள். கொடுப்பேனா?

அந்தத் தெம்பில்தான் வம்பு வந்தது. எம்.சி. ரோட்டில் வாங்கிய துணி மீதி இருந்தது. 30 செ.மீ. கனசதுர ஸ்பாஞ்சுக்கு உறை போடலாம், மூலையைக் கவ்விப் பிய்ப்பானே என்று எட்டு மூலையையும் சீவினேன். அதே மூன்றில் ஒரு பங்கு, 10 செ.மீ. நடுவில் மிஞ்சிய விளிம்பும் 10. சரி என்று 10 செ.மீ. முக்கோணம் எட்டு வெட்டி வைத்துப் பார்த்தால், வெட்டுவாயை மூடவே இல்லை! டேப்பைப் பிடித்தால் 14 காட்டுகிறது.

30 வருஷமாக ரவிக்கைக்குக் கிராஸ் வெட்டுகிறவள், சதுரத் துணியை மூலைவாட்டில் மடித்தால் நீளம் கூடும் என்று எனக்கா தெரியாது? மூன்று பக்கமும் சமமான முக்கோணத்தின் மூலையில் எவ்வளவு குறித்தாலும் குறுக்கே அதே அளவுதான் வரும். அதனால் மூன்றால் வகுத்தால் போதும். சதுர மூலை செங்கோணம், குறுக்கே குறித்ததைப்போல் 1.414 மடங்கு போகும். உன்மேல் தப்பில்லை, நீ பந்துக்குத்தான் சொன்னாய்.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு விளிம்பில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெட்டு, நடுவில் மிஞ்சுவது வெட்டைப்போல் 1.414 மடங்கு இருக்க வேண்டும். ஆக 30-ஐ 3.414-ஆல் வகுத்தேன். எட்டே முக்கால் செ.மீ.க்குக் கொஞ்சம் கூட. மிஞ்சுவதும் குறுக்கும் பன்னிரண்டரைக்குச் சற்றுக் குறைவாகச் சேர்ந்து வருகிறது. வேறு ஸ்பாஞ்ச் வாங்கி அப்படியே வெட்டிவிட்டேன். பழையது அப்பாவுக்குத் தலையணை.

இரண்டையும் பார்சல் போடுகிறேன். பந்தை வாஷிங் மெஷினில் போடாதே, உள்ளே என் பழைய சேலைதான் இருக்கிறது. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அம்மா