பின்னாலிருந்து சத்தம் வந்தால் 5.1 ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எந்த ஹோம் தியேட்டர் வாங்கலாம், எத்தனை வாட்ஸ், எத்தனை ஸ்பீக்கர் என்றெல்லாம் உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் நிறைய எழுதுகிறீர்கள், சரி. வாங்கி வந்து மாட்டின பிறகு ஒலி ஏன் சப்பென்று இருக்கிறது என்று ஒரு தடவையாவது எழுதுங்களேன்.

என் வீட்டில் 5.1 செட், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும், ஆறு ஸ்பீக்கரும் பாடிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் படத்தில் ஒரு கார் பின்பக்கமாக இடமிருந்து வலம் போனால் அது போவதே தெரியாது, எல்லாப் பக்கமும் ஒரே இரைச்சல், வசனம் கேட்கவில்லையே என்று வால்யூமைக் கூட்டினால் அடுத்து வரும் பாட்டுக்கு வீட்டில் திட்டு விழும். மூன்று வாரம் சென்டர் ஸ்பீக்கர்மேல் பழி போட்டேன். ஒயரைக் கழற்றி, சிவப்பு கறுப்பு சரிபார்த்து, மறுபடி மாட்டி, ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கர்களை ஓட்டும் பெட்டியான ரிசீவரின் ரிமோட்டில் அதுவரை தொட்டே பார்க்காத 'இன்ஃபோ' பொத்தானை அழுத்தினேன். உள்ளே வருவது பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) 2.0, ஒலி முறை டால்பி சரவுண்ட் என்று இரண்டு வரி வந்தது. அதாவது வந்ததே இரண்டு சேனல், இரண்டு தனி ஒலித் தடம்தான், பெட்டி அதைப் பிசைந்து ஆறு தட்டில் பரிமாறியிருக்கிறது! பின்னாலிருந்து சத்தம் வருகிறதே என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கோளாறு டிவியில். அதன் சவுண்ட் மெனுவுக்குள் மெனுவாகப் போனால் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்று ஒன்று இருக்கிறது, அது பிசிஎம்மில் நின்றது. ஏஆர்சி, அதாவது டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வழி, அதில் பிசிஎம் போனால் இரண்டு சேனலுக்கு மேல் போகாது. வந்த ஒலியை அப்படியே அனுப்பும் 'பாஸ் த்ரூ'வுக்கு மாற்றினேன், ரிசீவரில் டால்பி டிஜிட்டல் பிளஸ் 5.1 என்று எழுத்து மாறியது, கார் போக வேண்டிய பக்கம் போனது.

இதைப் படித்துவிட்டு பிசிஎம் என்றாலே மட்டம் என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். ப்ளூரே பிளேயரை எச்டிஎம்ஐயில் நேராக ரிசீவரில் செருகினால் பல சேனல் பிசிஎம் தாராளமாக வரும், தரமும் குறையாது. ஏஆர்சி வழிதான் குறுகல். ஆப்டிகல் கேபிளும் அப்படித்தான், இரண்டு சேனல் பிசிஎம், இல்லாவிட்டால் சுருக்கிய ஒலி வகைகளான டால்பி டிஜிட்டல், டிடிஎஸ், அவ்வளவுதான் அதில் போகும். தரம் குறையாத டால்பி ஒலியான ட்ரூஎச்டி வேண்டுமென்றால் பிளேயரை ரிசீவரிலேயே மாட்ட வேண்டும், அல்லது 2017இல் எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த இஏஆர்சி (ஏஆர்சியின் அகலமான வடிவம்) டிவி, ரிசீவர் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். இருந்தாலும் பல டிவிகளில் அதைத் தனியாக ஆன் செய்ய வேண்டும் என்பது வேறு கூத்து. அப்புறம் ப்ளூரே பிளேயரில் 'செகண்டரி ஆடியோ' என்று ஒன்று உண்டு, மெனு ஒலியையும் படத்தோடு கலந்து தருவதற்காம். அது ஆனில் இருந்தால் ட்ரூஎச்டி வட்டு போட்டாலும் ரிசீவரில் வெறும் டால்பி டிஜிட்டல்தான் எரியும். அணைத்துவிடுங்கள்.

எனக்கு எரிச்சல் எதிலென்றால், ஒரே அமைப்புக்கு ஒரு கம்பெனி பிட்ஸ்ட்ரீம் என்கிறது, இன்னொன்று பாஸ் த்ரூ என்கிறது, மற்றொன்று ஆட்டோ என்கிறது. கையேட்டைப் புரட்டினால் 'தேவைக்கேற்பத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரே வரி. தேவை என்னவென்று தெரிந்தவன் கையேட்டை ஏன் திறக்கிறான்?

அடுத்த முறை ஒரு ரிசீவரையோ டிவியையோ பற்றி எழுதும்போது, இந்த அமைப்பு எந்த மெனுவில் எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது, பெட்டியைத் திறக்கும்போது அது எதில் நிற்கிறது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். வாட்ஸ் கணக்கு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்