நம் படிப்பகத்தின் 2025–26 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் ஒழுகிய மேற்கு மூலையில் ஓடு மாற்றியாயிற்று. ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் சிறுவர் போட்டிகள் நடந்தன. கல்யாண வீட்டுக்கும் அடியந்திரத்துக்கும் கொடுத்த நாற்காலிகளில் சில கால் ஒடிந்து திரும்பின. யார் வீடு என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவர்களுக்கே தெரியும்.

இந்த ஆண்டு நாம் அதிகம் பேசியது குடும்பச் சந்தாவைப் பற்றித்தான். நம் விதிப்படி குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணமாகாத பிள்ளைகள். ஆவணி மாத நிர்வாகக் குழுவில் உறுப்பினர் ஒருவர் எழுந்தார். தன்னோடு பல வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் இன்னொரு ஆண் வெறும் நண்பர் இல்லை, தன் துணைவர். இருவருக்கும் சேர்த்து ஒரே குடும்ப அட்டை வேண்டும் என்று கேட்டார். பெயரையும் அறிக்கையில் போடலாம் என்றார். அச்சான காகிதம் யார் கைக்கும் போகும் என்பதால் நான் போடவில்லை.

ஒரு மூத்தவர், "சரி மக்கா, முதல்ல உக்காந்து சாயாவைக் குடி" என்றார். இன்னொருவர் இது சட்டப்படி சரிதானா என்று கேட்டார். நியாயமான கேள்வி. பார்த்துச் சொல்லும் பொறுப்பு செயலாளர் தலையில் விழுந்தது.

வெள்ளைக்காரர் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, தன்பாலீர்ப்பாளர்களின் உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் கொடுத்தது. 2009இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. 2013இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. இவர்கள் மிகச் சொற்பமானவர்கள்தானே என்றும் சொன்னது. அப்புறம் 2016இல் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹர், பத்திரிகையாளர் சுனில் மெஹ்ரா உள்ளிட்ட ஐந்து பேர் சொந்தப் பெயரிலேயே மனுப் போட்டார்கள். நான் நின்று யோசித்தது இந்த இடத்தில்தான். சட்டம் எதைக் குற்றம் என்கிறதோ, அதுவே நான் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தால்தான் அந்த வழக்கே நடக்கும். 2018 செப்டம்பர் 6 அன்று அவர்கள் ஜெயித்தார்கள்.

நம் மாநிலத்துக்கு வந்தால், ஒருவரையொருவர் விரும்பி மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு இளம்பெண்களின் வழக்கை 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் விசாரித்தார். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுவிட்டு அப்புறம் தீர்ப்பு எழுதினார். 'மாற்றுகிறேன்' என்று சிகிச்சை செய்வதற்கும் தடை போட்டார். பிள்ளையை மந்திரவாதியிடமும் பிரார்த்தனைக்கும் கூட்டிக்கொண்டு போகிற வீடுகள் நம் பக்கத்தில் உண்டு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

2023இல் உச்ச நீதிமன்றம் இவர்களுடைய கல்யாணத்துக்குச் சட்ட அங்கீகாரம் தர மறுத்தது. ஆனால் 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று தெளிவாகச் சொன்னது. ரேஷன் கார்டில் இப்படிப்பட்ட துணைவர்களை ஒரே வீட்டாராகக் கொள்ளலாம் என்று ஒன்றிய அரசு 2024இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. ரேஷன் கடைக்கு ஆகுமென்றால் நம் புத்தக அட்டைக்கு ஆகாதா?

சட்டம் இவ்வளவுதான். மனசில் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் உண்டு. இவர் என் வீட்டுக்காரி என்று சொல்ல நான் ஒருநாளும் தைரியம் தேடியதில்லை. அந்த உறுப்பினருக்கோ வாடகைக்கு வீடு கேட்கும்போதும், ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போடும்போதும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "இன்னும் பொண்ணு பாக்கலியா" என்று கேட்கும்போதும் சொல்வதா வேண்டாமா என்பது புதிதாகத் தொடங்குகிறது. அவரை ஆதரித்ததற்கு எனக்கு வந்த சேதம் கடைத்திண்ணையில் இரண்டு கேலி. அதைத் தியாகம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம்.

விவாதத்தில் ஒரு அக்கா, மேலாடை போடும் உரிமைக்காக நம் பக்கத்துப் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தை எடுத்தார். உரிமை என்று 1859இல் எழுத்தில் வருமுன்பே, அடிபடுவோம் என்று தெரிந்தும் சீலை போட்டுக்கொண்டு சந்தைக்குப் போன பெண்களின் ஊர் இது என்றார். பொருத்தம்தான், ஆனால் முழுக்க இல்லை. அந்தப் பெண்களுக்கு வீட்டில் அம்மையும் அக்காளும் அதே அவமானத்தைப் பட்டவர்கள். தன்பாலீர்ப்புள்ள பிள்ளைக்குப் பெரும்பாலும் பெற்ற அம்மையே அந்தப் பக்கம். அவனோ அவளோ முதல் வார்த்தையைத் தனியாக, அதுவும் வீட்டுக்குள்ளேயே சொல்லியாக வேண்டும்.

ஆகவே நிர்வாகக் குழு ஒரு திருத்தத்தை முன்வைக்கிறது. விதியில் 'கணவன், மனைவி' என்பதோடு 'ஒரே வீட்டில் வாழும் துணைவர்' என்பதையும் சேர்க்க வேண்டும். மரண உதவி நிதிக்கும் இதே விதி பொருந்தும். குழுவில் இருவர் எதிர்த்தார்கள். அவர்கள் இன்று பேசலாம், யாரும் குறுக்கிடக் கூடாது. அந்த உறுப்பினரிடம் அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றிக் கேள்வி கேட்க மட்டும் அனுமதி இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்கு அப்புறம் ஓட்டெடுப்பு. பேச விரும்புகிறவர்கள் சாயா வரும் முன்பே பெயர் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்