பப் திறந்திருக்கட்டும், உள்ளுக்க வேலை செய்யிற பிள்ளையள் எப்பிடி வீட்ட போறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உதைபந்தாட்ட உலகக் கோப்பை வருது, பப்புகளை நேரம் நீட்டித் திறந்து வைக்கிற கதை திரும்பவும் ஓடுது. பப் நடத்துற ஆக்கள் வேணும் எண்டினம், பக்கத்து வீட்டுச் சனம் நித்திரை இல்லை எண்டுது, பொலிசுக்கு அவையின்ர கவலை. உள்ளுக்க நிண்டு வேலை செய்யிற ஆக்களைப் பற்றி மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்ல. நான் லண்டன்ல கன வருசமா பப் கிச்சின்ல நிக்கிறன், அதாலதான் எழுதுறன்.

நேரம் நீட்டுறதுக்கு நான் எதிர் இல்லை. இந்த முறை மட்ச் எல்லாம் அமெரிக்கா, கனடா, மெக்சிகோவில, இங்கிலாந்து குரோஷியாவோடயும் கானாவோடயும் விளையாடுறது எங்கட நேரம் இரவு 9 மணிக்கு, பனாமாவோட 10 மணிக்கு. கன பப்புகளுக்கு லைசென்ஸ் 11 மணியோட சரி. 9 மணி மட்ச் முடியவே 11 ஆகிடும், நொக் அவுட்ல எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி எண்டு இழுத்தா நடுச்சாமம். பெனால்ட்டி அடிக்கேக்க லைட்டைப் போட்டு எல்லாரும் வெளிய போங்கோ எண்டு சொல்ல ஏலுமே?

இங்கிலாந்திலயும் வேல்ஸிலயும் சட்டத்திலயும் அதுக்கு இடம் இருக்கு. 2003ஆம் ஆண்டு லைசென்சிங் சட்டத்தின்ர 172ஆம் பிரிவில அரசாங்கம் ஒரு ஓர்டர் போட்டா எல்லா பப்புக்கும் ஒரேயடியா நேரம் கூடும். இல்லாட்டி ஒவ்வொரு பப்பும் 21 பவுண்ஸ் கட்டி, வழக்கமா 10 வேலை நாளுக்கு முதல் கவுன்சிலுக்கு நோட்டீஸ் குடுக்கோணும், இங்கிலாந்து அரையிறுதிக்கு வருமோ வராதோ எண்டு 10 நாளுக்கு முதல் ஆருக்குத் தெரியும், அதால ஓர்டர் நல்லதுதான். ஆனா அந்த ஓர்டரில எத்தினை மணி வரைக்கும் விக்கலாம் எண்டுதான் இருக்கும், வேலை செய்யிற ஆள் வீட்ட போறதைப் பற்றி ஒரு வரியும் இராது.

2024 யூரோ கோப்பை உதைபந்தாட்ட அரையிறுதி, ஜூலை 10, புதன்கிழமை. அண்டைக்கு 1 மணி வரைக்கும் விட்டவை. 90 நிமிசம் முடியிற நேரத்தில இங்கிலாந்தின்ர ஒல்லி வாட்கின்ஸ் கோல் அடிக்க கிச்சினுக்குள்ள எங்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது, அதோட சாப்பாட்டு ஓடர் அடிக்கிற டிக்கெட் மெசின் விங்ஸ், சிப்ஸ், விங்ஸ் எண்டு நிக்காம அடிக்கத் தொடங்கிட்டுது. சனம் போன பிறகுதான் மற்ற வேலை, நிலம் முழுக்க பியர், சப்பாத்து ஒட்டி ஒட்டி வருது, சோபாவுக்குக் கீழ எல்லாம் கிளாஸ், ஃப்ரையர் எண்ணெய் இறக்கோணும், டொய்லெட்டைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. எங்களோட பாத்திரம் கழுவின பொடியன் மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன், ஈஸ்ட் ஹாம்ல ரூம். இரவு முழுக்க ஓடுற பாதாள ரயில், நைட் டியூப், வெள்ளி, சனி இரவில மட்டும்தான், அதுவும் அஞ்சு லைன்ல, அதில டிஸ்ட்ரிக்டும் இல்லை மெட்ரோபொலிட்டனும் இல்லை, அப்ப எங்கட சனம் கனக்க இருக்கிற ஈஸ்ட் ஹாமுக்கும் ஹரோவுக்கும் சனிக்கிழமை எண்டாலும் பிரயோசனமில்லை. ஊபருக்குக் காட்டின காசு அவன்ர ரெண்டு மணித்தியாலச் சம்பளத்தை விடக் கூட. நனைஞ்ச சப்பாத்தோட நைட் பஸ்ஸுக்குப் போய் நிண்டவன், அடுத்த நாள் காலமை 10 மணிக்கு டெலிவரி இறக்க ரோட்டாவில, அதுதான் வேலை நேர அட்டவணையில, அவன்ர பேர். பாரில நிக்கிற பொம்பிளைப் பிள்ளையள் அந்த நேரத்தில வெறிகாரருக்கு நடுவால தனிய நடந்து போகோணும், அதை நினைச்சாலே எனக்கு நெஞ்சு பதறும்.

ரெண்டு வேலைக்கு நடுவில 11 மணித்தியால ஓய்வு குடுக்கோணும் எண்டு 1998இலயே விதி வந்திட்டுது. ஆனா இரவு வேலைக்குக் கூடுதல் சம்பளம் குடுக்கோணும் எண்டு இந்த நாட்டில சட்டம் இல்லை. ஸ்டூடன்ட் விசாவில வந்த பிள்ளையளுக்குப் படிப்பு நேரத்தில கிழமைக்கு 20 மணித்தியாலம்தான், மாஸ்டர்ஸ் பிள்ளையளுக்குக் கோடைகாலமும் படிப்பு நேரம்தான். இன்னும் ரெண்டு மணித்தியாலம் நில்லு எண்டா அதுகள் மாட்டன் எண்டு சொல்லப் பயப்படுதுகள், நிண்டா விசாவுக்குப் பிரச்சினை.

என்ர கேள்வி இவ்வளவுதான், கூட்டித் திறக்கிற பப் வேலையாக்களை டாக்சி போட்டு வீட்ட அனுப்போணும், 11 மணித்தியால ஓய்வை ரோட்டாவில காட்டோணும் எண்டு அந்த ஓர்டரோடயே நிபந்தனை வைச்சா என்ன? ஒரு இரவு வியாபாரத்தில நாலு பேரின்ர டாக்சிக் காசு பெரிய காசே? பப், ரெஸ்டோரண்ட் நடத்துற எங்கட ஆக்களும் இதை வாசிப்பினம், அவையள் சட்டம் வரும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வாசகர்களும் தங்கட எம்பிக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ.

உங்களிட்ட ஒரு உதவி. இந்த 11 மணித்தியாலம், 20 மணித்தியாலம் பற்றித் தமிழில ஒரு பக்கம் போடுங்கோ, வேலைப் பிரச்சினைக்கு இலவசமா ஆலோசனை சொல்லுற ஏகாஸின்ர விபரத்தையும் சேர்த்து. இங்கிலாந்தின்ர முதல் மட்ச் ஜூன் 17, அதுக்கு முதல் வந்தா பிள்ளையளுக்குப் பிரயோசனப்படும்.

நன்றி,
ஒரு வாசகர், ஹரோ