முக்காலியும் கழிவறையும் தந்தவர்களுக்கு எங்கள் நன்றி

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியா வட்டாரத்துக் கடைக்காரர்களுக்கும், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டவர்களுக்கும், கிளினிக் தாதியருக்கும், பிள்ளைகளுக்கும், மருமக்களுக்கும் வணக்கம்.

வயதானவர்களிடம் பேசி அவர்களை நடக்கத் தூண்டுவது எங்கள் வேலை. அவர்கள் நடப்பதற்கு வழி செய்து கொடுத்தவர்கள் நீங்கள். எந்த உதவி எதற்குப் பயன்பட்டது என்று விவரமாகச் சொல்லியே நன்றி கூறுகிறோம்.

முதல் நன்றி லெபு பாசார், லெபு குவீன் தெருக்களின் கடைக்காரர்களுக்கு. அஞ்சடியில், அதாவது கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையில், ஒரு முக்காலி போட்டீர்கள். உள்ளே இருக்கும் கழிவறையையும் முகம் கோணாமல் கொடுத்தீர்கள். அம்மாமார்களிடம் "ஏன் நடக்கிறதில்லை?" என்று கேட்டால் முதலில் வருவது முட்டி வலிதான். "நடக்கப் போனா எதும்மா சிரமம்?" என்று இன்னொரு தடவை மெல்லக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருந்தால்தான் "வழியில அவசரம்னா எங்கே போறது?" என்பது வெளியே வரும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார்கள். பினாங்கு வெக்கையில் தண்ணீர் குறைந்தால் தலை சுற்றும். சுற்றினால் விழுந்துவிடுவோம் என்று வீட்டோடு இருந்துவிடுவார்கள். எங்கள் பேச்சுக்கு அசையாத இந்தப் பயம் உங்கள் கழிவறைச் சாவியில் தீர்ந்தது.

அஞ்சடியில் கடைக்குக் கடை தரை ஏறி இறங்கும். நடுவில் மோட்டார் சைக்கிள் நின்றால் சாலையில் இறங்கித்தான் போகவேண்டும். வண்டியை நகர்த்தி வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.

காலையில் நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் போகவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்திவிடாமல், எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கிய மருந்தாளருக்கு நன்றி. இன்சுலின் போடுகிறவர்கள் பசியாறாமல் கிளம்பக்கூடாது, பையில் மிட்டாய் இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியவர்கள் தாதியர். உட்கார்ந்திருக்கும்போதே ரத்த அழுத்தம் 180/110-ஐத் தொட்டால் அன்று பயிற்சி வேண்டாம் என்று தடுத்ததும் அவர்களே.

மண்டபத்துக்காரர்கள் தந்த மர நாற்காலிகளைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி ஓட்டுத்தரையில் வழுக்கும். 43 சென்டிமீட்டர் உயரமுள்ள மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 30 வினாடியில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறோம். முடியாதவர்கள் கையை ஊன்றி எழலாம், அதுவும் பயிற்சிதான். மழை நாளில் நடைக்குப் பதில் இதுவே நடக்கிறது.

தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்கும் தொண்டர்களே, உங்கள் பொறுமைக்கு ஈடில்லை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் நடை போன்ற மிதமான உடலசைவு, அதோடு 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்தது 3 நாள் சமநிலை, தசைப் பயிற்சி என்கிறது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. முதல் நாளே இதைச் சொன்னால் மலைத்துப்போவார்கள். அதனால் பசியாறியபின் 10 நிமிடம் என்று மட்டும் தொடங்கினீர்கள். பேச முடியவேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கவேண்டும், வேகத்துக்கு அதுதான் அளவு. "நாளைக்கு நடப்பீங்கன்னு 10-க்கு எத்தனை நம்பிக்கை?" என்று கேட்டு, 4 என்றால் "ஏன் 2 இல்லை?" என்றீர்கள். அப்போது "மார்க்கெட்டுக்கு நடந்துதானே போறேன்" என்று அவர்கள் வாயாலேயே காரணம் வரும். "ஏன் 8 இல்லை?" என்றால் சாக்குதான் வரும். நம்பிக்கை 7-க்குக் கீழே இருந்தால் 10 நிமிடத்தை 5 ஆக்கினீர்கள். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் மதுப்பழக்கம் உள்ளவர்களுக்காக எழுதிய ஆலோசனை முறையின் வழியில் வந்த கேள்விகள் இவை. நம் தாத்தா பாட்டிகளுக்கும் பொருந்துகின்றன.

கடைசியாகப் பிள்ளைகளும் மருமக்களும். "விழுந்துடப் போறீங்க, உட்காருங்கம்மா" என்பதை விட்டு, "இன்னைக்கு எந்தப் பக்கம் போனீங்க?" என்று கேட்கத் தொடங்கினீர்கள். தேய்ந்த சிலிப்பரை எடுத்துவிட்டுக் குதிகால் பிடிக்கும் சப்பாத்து வாங்கிக் கொடுத்தீர்கள். தீபாவளி, காய்ச்சல், பேரப்பிள்ளை வருகை என்று இரண்டு வாரம் விட்டுப்போனவர்களைக் கடிந்துகொள்ளாமல், பழைய நேரத்தில் பாதியிலிருந்து மறுபடி கூட்டிவந்ததற்கும் நன்றி.

அன்புடன்,
முதியோர் நடை ஆலோசகர்கள், ஜார்ஜ்டவுன்